கொஞ்ச தூரம் கூட வருவது

காலை ஏழு மணிச் செய்திக்கு முன்னால், கம்பாலா போகும் நெடுஞ்சாலை ஓரத்து எங்கள் லுக்காயாவில் எந்த ரேடியோவைத் திருகினாலும் வாலுசிம்பி வாத்தியாரின் குரல்தான் கேட்கும். தினம் ஒரு ஆங்கில வினைச்சொல். அதற்குப் புத்தகத்தில் என்ன பொருள், நம் ஊர்க்காரன் வாயில் என்ன பொருள், எங்கே சொன்னால் மரியாதை, எங்கே சொன்னால் அடி விழும் என்று எங்கள் லுகாண்டா பாஷையில் புட்டுப் புட்டு வைப்பார். நெடுஞ்சாலையில் பஸ் நின்றதும் கோழிக்கறிக் குச்சியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறவர்கள்கூட அந்த ஐந்து நிமிஷம் ஒரு காதை அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊர் அவருக்கு வைத்த பெயர் வெர்ப் வாத்தியார். நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளூரப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு வாக்கியம் ஒரு வருஷமாக வாயை விட்டு வெளியே வரவில்லை. அது ஆங்கிலம்கூட இல்லை, பெற்ற தாய் பேசிய பாஷை. நசோலோவைப் பார்த்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நசோலோ கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். புருஷன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் கம்பாலாவில் வேலை பார்க்கிறாள். வாத்தியாரும் மனைவியைப் பறிகொடுத்தவர், பிள்ளைகள் இல்லை. குரல் கட்டிக்கொண்டு மருந்து வாங்கப் போன இடத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது. குரல் சரியான பிறகும் மருந்து வாங்கப் போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் அவள் வீட்டில் டீ குடிப்பது என்று ஆகிவிட்டது. ஊர் வழக்கப்படி அவள் மண்டியிட்டு வணக்கம் சொல்வாள், இவர் ஊர் நலம், வீட்டு நலம், ஆட்டு நலம் எல்லாம் விசாரிப்பார். வறுத்த நிலக்கடலை வரும், அவித்த வாழைக்காய் வரும், சிரிப்பும் வரும்.

அப்படியென்றால் அங்கேயே கேட்டுத் தொலைப்பதுதானே என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். கனமான பேச்சை வீட்டுக்குள் எடுக்கிறவனை எங்கள் ஊரில் முரடன் என்போம். வீட்டுக்குள் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசலாம், காப்பிக்கொட்டை விலையைப் பற்றிப் பேசலாம், மனசில் இருப்பதைப் பேசக் கூடாது. அதற்குத்தான் எஸ்கார்ட் இருக்கிறது. விருந்தாளி எழுந்ததும் வீட்டுக்காரர் அவருடைய பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடப்பார். இரண்டு பேரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, முகத்தை முகம் பார்க்க வேண்டாத அந்த நேரத்தில், ஆமாம், ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேனே என்று ஆரம்பிக்கலாம். கடன் கேட்டவர்களும், வியாதியைச் சொன்னவர்களும், பெண் கேட்டவர்களும் எல்லாரும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் கேட்டார்கள். வாத்தியாரின் அப்பாவும் அவர் அம்மாவிடம் அப்படித்தான் கேட்டாராம்.

வாத்தியாரும் அந்தக் கொஞ்ச தூரத்துக்காகத்தான் காத்திருந்தார். அவள் வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை வாழைத்தோட்டம் நடுவே போகும் செம்மண் பாதை இருக்கிறது. எந்த வளைவில் ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் நின்று தொண்டையைக் கனைக்க வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

ஆனால் அவர், நான் கிளம்பட்டுமா என்று வாயெடுத்த உடனே நசோலோ கைபேசியை எடுத்துவிடுவாள். முவொங்கே என்று ஒரு பைக் டாக்சிக்காரன். வாத்தியார் ஒரு ஷூவை மாட்டி இன்னொரு ஷூவைத் தேடுவதற்குள் அவன் பைக் வாசலில் வந்து உறுமிக்கொண்டு நிற்கும். அவளே பையை ஹேண்டிலில் மாட்டுவாள். அதில் அவகாடோவோ முட்டையோ வாத்தியாருக்குத் தெரியாமல் போட்டிருப்பாள். கூலியையும் அவளே கொடுத்துவிடுவாள். பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்பாள். வாத்தியார் பைக்கின் பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மென்று விழுங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவார்.

முதல் தடவை உபசாரம் என்று நினைத்தார். நாலைந்து தடவை ஆனதும் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. இது துரத்துவது இல்லாமல் வேறென்ன? மரியாதையாகத் துரத்துகிறாள். வாசல் வரைக்கும்தான் உனக்கு மதிப்பு, ஒரு அடி கூட வர மாட்டேன் என்று சொல்லாமல் சொல்கிறாள். சரி, விட்டுவிடலாம் என்று பார்த்தால், அடுத்த ஞாயிறு அவளே, ஏன் இவ்வளவு தாமதம், டீ ஆறிப்போச்சு என்று வாசலில் நிற்கிறாள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு வாரம் புளுகினார். இந்த வெயிலிலா, டாக்டருக்கு மூளை இருக்கிறதா என்று சொல்லி முவொங்கேயைக் கூப்பிட்டாள். அடுத்த வாரம் சனிக்கிழமையே போய் முவொங்கேயைப் பிடித்தார். நாளைக்கு ஒரு நாள் போனை அணைத்து வை, தம்பி, புண்ணியமாப் போகும் என்றார். முவொங்கே ஏன் எதற்கு என்று கேட்காமல் தலையாட்டினான். சொன்ன சொல் தவறாமல் போனையும் அணைத்து வைத்தான். ஆனால் நல்ல வாடிக்கையை விட மனசு வராமல் தன் மச்சினனை அனுப்பிவிட்டான். அவன் ஓட்டிய ஓட்டில் முட்டை முழுக்க உடைந்து வாத்தியாரின் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை நாசமானதுதான் மிச்சம்.

இதற்கு நடுவில்தான் இடி விழுந்தது. ஒரு ஞாயிறு டீ ஊற்றிக்கொண்டே நசோலோ சொன்னாள், ம்பராராவில் இருக்கும் அக்கா பெரிய மருந்துக்கடை திறக்கிறாளாம், வந்து பார்த்துக்கொள் என்கிறாளாம், தானும் இந்த மாசக் கடைசியில் அங்கே போய்விடலாம் என்று இருக்கிறாளாம். போகாதீர்கள் என்ற வார்த்தை வாத்தியாரின் பல்வரைக்கும் வந்தது. ஆனால் உட்கார்ந்திருப்பது வீட்டுக்குள். எதிரே சுவரில் அவள் புருஷன் கழுத்தில் டையோடு போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறான். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ம்பராரா குளிர் ஆச்சே,” என்றார். “ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.”

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு, எடுத்துக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் பைக் வந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க வாத்தியார் தன்னையே திட்டிக்கொண்டு அலைந்தார். ஸ்வெட்டராம் ஸ்வெட்டர்! வியாழக்கிழமைக் காலை ரேடியோ நிலையத்துக்குப் போனபோது அவர் கையில் வேறு ஒரு வினைச்சொல் தயாராக இருந்தது. ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் நிலையம். கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவள் அப்பியோ, டொரோரோப் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கு என்ன வெர்ப் என்று கேட்டாள். எஸ்கார்ட் என்றார். நேற்று வேறு சொன்னீர்களே என்றாள். நேற்று வேறு நினைத்தேன் என்று மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஆரம்பம் எப்போதும் போல அழகாகத்தான் இருந்தது. முதல் பொருள், காவலாகக் கூடப் போவது. மந்திரி கார் முன்னும் பின்னும் சங்கு ஊதிக்கொண்டு வண்டிகள் போகின்றன அல்லவா, அவை மந்திரியை எஸ்கார்ட் பண்ணுகின்றன. கைதியைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் போலீஸ்காரரும் அதைத்தான் பண்ணுகிறார். வெள்ளைக்காரர் ஊரில் ஒரு பெண்ணை விருந்துக்குக் கைகோத்து அழைத்துப் போனால் அதற்கும் இதே சொல். நமக்குத் துப்பாக்கியும் வேண்டாம், கைகோக்கவும் வேண்டாம். வந்தவர் கிளம்பும்போது பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச தூரம் கூட நடக்கிறோம், அதுதான் நம் எஸ்கார்ட் என்றார்.

பிறகு வழக்கத்தில் எப்படிச் சொல்வது என்று வந்தார். எஸ்கார்ட் பண்ணட்டுமா என்று கேட்கக் கூடாது, கேட்டால் வந்தவர் மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். வாங்க, எஸ்கார்ட் பண்றேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டுவிட வேண்டும். வேண்டாதவரை வேலி வரைக்கும் பண்ணலாம், உறவுக்காரரை முச்சந்தி வரைக்கும் பண்ணலாம். ரொம்ப வேண்டியவராக இருந்தால் அவர் வீடு வரைக்கும் போய்விட்டு, அவர் திரும்ப நம்மை எஸ்கார்ட் பண்ண, பாதி வழியில் மறுபடி நாம் அவரை என்று இருட்டும் வரை நடந்தவர்களும் உண்டு. இதுவரை எல்லாம் சரி. இதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார்.

நிறுத்தவில்லை. மைக்குக்கு இன்னும் பக்கத்தில் போனார்.

“சில பேர் இருக்காங்க. விருந்தாளி எழுந்திரிக்கிறதுக்குள்ள வாசலுக்கு பைக்கைக் கூப்பிட்டுடுறாங்க. அதுக்கு எஸ்கார்ட்னு பேர் இல்லைங்க. அதுக்கு வேற வெர்ப் இருக்கு, டிஸ்பாச். பார்சலுக்குப் பண்றது. முட்டையும் அவகாடோவும் கொடுத்தா மட்டும் போதுமா? அந்த மனுஷன் ஒரு வருஷமா எதையோ சொல்லணும்னு நெஞ்சுல வச்சுகிட்டு அலையறானே, அவன் அதை எங்க சொல்வான்? பைக் ஓட்டுறவன் முதுகுகிட்டயா?”

அப்பியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்குள் போன் வரத் தொடங்கிவிட்டது. ஒரு அம்மாள், என் வீட்டுக்காரர் ஆட்டுப்பட்டி ஓரத்தில் வைத்துத்தான் கேட்டார், நான் அன்றைக்குச் செருப்புகூடப் போடவில்லை என்றாள். ஒரு கிழவர், இந்தக் காலத்தில் எவனுக்கு நடக்கத் தெரிகிறது என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர் நேராகவே கேட்டுவிட்டார், வாத்தியாரே, அந்தச் சில பேர் மருந்துக்கடை வைத்திருக்கிறாரா என்று. அப்பியோ பட்டென்று பாட்டைப் போட்டாள்.

“சார், நீங்க பாடம் நடத்துனீங்களா, பிராது கொடுத்தீங்களா?”

வாத்தியார் மைக்கை விட்டு எழுந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது. ஞாயிறு ஞாயிறு யார் வாசலிலிருந்து யார் பைக்கில் போகிறார் என்பது லுக்காயாவில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவர் மானம் கப்பலேறினால் பரவாயில்லை, அவள் மானத்தையும் அல்லவா ஏற்றி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் முவொங்கே பைக்கைக் குறுக்கே நிறுத்தினான். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். என் பின்னால் உட்காருகிற ஆளை நான் பூவைப் போலக் கொண்டுபோகிறேன், என்னைப் பார்சல் வண்டி என்று ஊருக்கே சொல்லிவிட்டீர்களே என்றான். வாத்தியார் மன்னிப்புக் கேட்டார். போகும்போது முவொங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போனான். ரேடியோ பேச்சு முடிந்ததிலிருந்து அந்த அம்மா கடையைத் திறக்கவில்லை, கதவு சாத்தியே இருக்கிறது என்றான். வாத்தியாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போவதா வேண்டாமா என்று கோயிலில் பிரசங்கம் முழுக்க யோசித்தார். போகாவிட்டால் கோழை, போனால் வெட்கம். கடைசியில், திட்டு வாங்குவதானாலும் அவள் வாயால் வாங்கிக்கொள்வோம் என்று போனார்.

நசோலோ எப்போதும் போல மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். எப்போதும் போல டீ வந்தது. ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்றாள். ஆமாம் என்றார். பலாப்பழம் கொடுத்தாள். தின்றார், ருசி தெரியவில்லை. அந்த அமைதியை அதற்கு மேல் தாங்க முடியாமல், கிளம்பட்டுமா என்று எழுந்தார்.

அவள் கைபேசியை எடுக்கவில்லை. உள்ளே போய், கோயிலுக்குப் போட்டுப்போன நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வாங்க,” என்றாள். “எஸ்கார்ட் பண்றேன்.”

ஒரு வருஷமாக வாத்தியார் ஏங்கிய பாதை அது. வாழை இலைகள் அப்படியேதான் சலசலத்தன. அவர் குறித்துவைத்த வளைவு வந்தது, போயிற்று. தொண்டையைக் கனைக்க வைத்திருந்த இடமும் போயிற்று. ஒத்திகை பார்த்ததில் ஒரு எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் நடக்கிறவளின் மூச்சு ஏன் இப்படி இரைக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை, அவள் பயந்துபோய் இருந்தாள். வாத்தியார் நின்றுவிட்டார்.

“என்ன ஆச்சு?” என்றார்.

“நடங்க. நடந்துகிட்டே சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன்.”

“எதைத் தாங்கிக்கப் போறீங்க?”

நசோலோ பாதையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“இதே மாதிரி ஒரு பாதையிலதான் எங்க அப்பா என்னைப் பஸ் ஏத்த வந்தார். இனிமே பள்ளிக்கூடம் கிடையாது, இதுதான் கடைசி டெர்ம்னு வழியில சொன்னார். வீட்டுல எனக்குக் கோழி அடிச்சுப் போட்டுட்டுத்தான் சொன்னார். எங்க வீட்டுக்காரர் லீவுக்கு வந்து, நல்லாச் சாப்பிட்டு, நல்லாச் சிரிச்சுட்டு, நான் எஸ்கார்ட் பண்ணப் போனப்ப அதோ அந்த முனையில வச்சு, கம்பாலாவுல இன்னொருத்தி இருக்கா, ரெண்டு பிள்ளை இருக்குன்னு சொன்னார். அவரை அடக்கம் பண்ணின பிறகு அவர் தம்பி வந்தான். என் கடலைக் குழம்பைப் புகழ்ந்தான். வாசல் தாண்டினதும் தோட்டத்துல பாதி என்னுதுன்னான். வீட்டுக்குள்ள யாரும் என்னை அழவச்சதே இல்லை, வாத்தியாரே. எல்லாம் இந்த மாதிரி ரோட்டுலதான்.”

வாத்தியார் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

“நீங்க ஏதோ சொல்லணும்னு தவிக்கிறது முதல் மாசமே தெரிஞ்சுபோச்சு,” என்றாள். “இனிமே டீக்கு வரமாட்டேன்னு சொல்வீங்க. இல்லாட்டி வேற ஒருத்தியப் பாத்துட்டேன்னு சொல்வீங்க. ரோட்டுல விட்டாத்தானே சொல்வீங்க? அதான் முவொங்கேயைக் கூப்பிட்டேன். பைக்ல ஏத்தி அனுப்பிட்டா இன்னொரு ஞாயித்துக்கிழமை கிடைக்கும்ல. ம்பராரா போறேன்னு சொல்லிப் பாத்தேன். ஸ்வெட்டர் எடுத்துக்கோன்னு சொன்னீங்க. சரி, நமக்கு அவ்வளவுதான்னு நினைச்சுகிட்டேன்.”

வாத்தியாருக்குக் கண் கரித்தது. எத்தனை ஞாயிறு அந்தப் பைக்கைச் சபித்திருப்பார். அவளோ அவரை இழக்கக் கூடாது என்று அல்லவா அதை வரவழைத்திருக்கிறாள். இவ்வளவு நாளாக அவர் ஆசைப்பட்ட இந்தச் செம்மண் பாதை அவளுக்குச் சுடுகாட்டுப் பாதையாக இருந்திருக்கிறது. இங்கே நின்று எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் அது அவள் காதில் எப்படி விழும்? அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அப்பா கேட்டார், தாத்தா கேட்டார் என்று ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியதற்கு இதுதான் பலன்.

அவள் கையிலிருந்து பையை வாங்கினார். அவள் முகம் வாடிவிட்டது. விருந்தாளி பையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அவ்வளவுதான், போய்வருகிறேன் என்று அர்த்தம்.

“திரும்புங்க,” என்றார் வாத்தியார். “வீட்டுக்குப் போலாம்.”

“எதையாவது மறந்துட்டீங்களா?”

“ஆமா. வாங்க.”

அவர் முன்னால் நடந்தார். எஸ்கார்ட் பண்ணி அனுப்பிய விருந்தாளி பையும் கையுமாகத் திரும்பி வருவதை எங்கள் ஊர் பார்த்ததே இல்லை. வாழைத்தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து, சண்டையா என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லாததால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலி ஓரம் வந்து நின்றுகொண்டாள். வாத்தியார் வாசலில் ஷூவைக் கழற்றினார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். குடித்து வைத்த கோப்பைகள் இன்னும் அங்கேயே இருந்தன, பலாப்பழத்தில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. புருஷன் போட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நசோலோ கதவோரம் நின்றாள். உட்காருங்கள் என்றார். பாயில் உட்கார்ந்தாள். நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்தது. உடம்பெல்லாம் வேர்த்தது. முரடன் என்று பேர் வந்தாலும் வரட்டும்.

“ம்பராராவுக்குப் போகாதீங்க,” என்றார். “என்னைக் கட்டிக்கோங்க. இதைச் சொல்லத்தான் வந்துகிட்டே இருந்தேன். வேற எதுவும் இல்லை.”

சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு சன்னமாக வந்தது. நசோலோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாத்தியார் எழுந்து போய் ஆறுதல் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நாற்காலியின் நுனியில் தவித்தார். அவள் சீக்கிரமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை எங்க அத்தைகிட்ட வந்து கேக்கணும்,” என்றாள். “முறை அதுதான். அவங்களுக்குக் காது மந்தம். நீங்க இப்படி முணுமுணுத்தா அவங்களுக்கு ஒண்ணும் விளங்காது.”

“சத்தமாச் சொல்றேன்.”

“எங்க, சொல்லுங்க பாப்போம்.”

வாத்தியார் எழுந்து நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வேலி ஓரம் நிற்கிறவளுக்கும் கேட்கட்டும் என்று அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். நசோலோ பாயில் உட்கார்ந்தபடியே தலையை உயர்த்தி அவரைப் பார்த்து, சரி என்றாள்.